பரோட்டாவில் நிற்காது, சுக்காவில் நிற்கும்

வாசகர் கேள்வி:

ஐயா, திருமங்கலத்தில் எட்டு வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து பிளேஸ்டேஷன் 5 என்ற சோனி வீடியோ கேம் பெட்டியும் ஒன்றிரண்டு எடுத்து விற்கிறேன். 55 ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் எனக்கு நிற்பது 1,500 ரூபாய்தான். மதுரை டீலரிடம் மார்ஜின் கூடக் கேட்டால், கம்பெனிகளே ஒவ்வொரு பெட்டியையும் நட்டத்துக்குத்தான் விற்கின்றன, உனக்கு எங்கிருந்து தருவது என்கிறார். பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகனும் அதையேதான் சொல்கிறான். இது உண்மையா? நட்டத்துக்கு விற்று ஒரு கம்பெனி 30 வருடம் எப்படிப் பிழைக்கும்? கையில் 6 லட்சம் புரட்ட முடியும், பாதி என் பணம், பாதி வங்கி ஓ.டி. (ஓவர்டிராப்ட் கடன்). மொத்தமாகச் சரக்கு இறக்கலாமா? நானும் ஆரம்பத்தில் பெட்டியை நட்டத்துக்குக் கொடுத்து ஆளைப் பிடித்துவிட்டு, அப்புறம் சம்பாதிக்கலாமா?

ஆடிட்டர் பதில்:

தம்பி, உங்கள் டீலர் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கம்பெனியையும் எல்லா வருடத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் 6 லட்சத்துக்கு வழி தெரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பரோட்டாக் கடைக்கு நான் பல வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கல் அணைந்த பிறகுதான் முதலாளிக்கு நேரம் கிடைக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு, எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒரு வருடம் மைதா விலை ஏறிவிட்டது. மைதா, எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாம் போட்டுப் பார்த்தால் பரோட்டாவில் ஒன்றுமே நிற்கவில்லை. ஒன்றுக்கு 2 ரூபாய் ஏற்றுங்கள் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டார். "ஆடிட்டர் சார், பரோட்டா விலையைக் கேட்டுத்தான் உள்ளயே வர்றாய்ங்க. உக்காந்தப்புறம் சுக்கா விலையை எவனும் கேக்குறதில்ல." நோட்டின் அடுத்த பக்கத்தைக் காட்டினார். சுக்கா, கரண்டி ஆம்லெட், ஈரல். கடை வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

விளையாட்டுப் பெட்டி செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. பெட்டி பரோட்டா. கேமும் சந்தாவும், கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரும் சுக்கா.

நட்டம் எவ்வளவு இருக்கும் என்றால், கேட்டால் நம்பமாட்டீர்கள். 2006 நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு மாடல் 499 டாலர், இன்னொன்று 599 டாலர். அப்போது ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விலை போட்டது. 499 டாலர் பெட்டியின் அடக்கம் சுமார் 806 டாலர், 599 டாலர் பெட்டியின் அடக்கம் சுமார் 840 டாலர். அதுவும் கண்ட்ரோலர், கேபிள், அட்டைப்பெட்டி எதுவும் சேராமல். சின்ன மாடல் ஒன்றை விற்றால் 300 டாலருக்கு மேல் கைநட்டம். ப்ளூரே டிரைவ் அப்போது புதுசு, அதன் நீல லேசர் கிடைக்கவே தட்டுப்பாடு. செல் என்ற புது சிப்பும் விலை கூடியது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு காட்டிய நட்டம் 23,230 கோடி யென். அடுத்த 2 ஆண்டுகளும் நட்டம்தான்.

அவ்வளவு நட்டத்தையும் தெரிந்தேதான் போட்டார்கள். காரணம் இரண்டு.

முதல் காரணம், அடக்கவிலை வருடா வருடம் இறங்கும் என்ற நம்பிக்கை. அதே சிப்பைச் சின்னதாக அச்சடிக்கத் தொழிற்சாலை கற்றுக்கொள்ளும்போது, ஒரே தகட்டில் கூடுதல் சிப் கிடைக்கும். சின்ன சிப் சூடு குறைவாக விடும், அதற்கேற்ப விசிறியும் சிறியதாகும், கரண்ட் சப்ளையும் சிறியதாகும். பெட்டி இளைக்க இளைக்கக் கப்பல் கூலியும் குறையும். பிளேஸ்டேஷன் 3-இல் பிளேஸ்டேஷன் 2 கேம் ஓடுவதற்காக வைத்திருந்த பழைய சிப்பைப் பிற்பாடு எடுத்தேவிட்டார்கள். நான்கு யு.எஸ்.பி. வாயை இரண்டாக்கினார்கள். 2009-இல் மெலிந்த மாடலை 299 டாலருக்குக் கொடுக்க முடிந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கும் இதே கதைதான். 2020 நவம்பரில் வந்தபோது நட்டம். 2021 ஆகஸ்டிலேயே 499 டாலர் பெட்டி இனி நட்டத்தில் இல்லை என்று சோனியின் நிதித் தலைவர் அறிவித்தார். அதே சமயத்தில் வந்த திருத்திய மாடல் முந்தையதைவிட சுமார் 300 கிராம் எடை குறைவு. உங்கள் கடைக்கு வரும் பெட்டி இந்த வழியில் வந்தது. ஆகவே "ஒவ்வொரு பெட்டியும் நட்டம்" என்று டீலர் சொல்வது பிளேஸ்டேஷன் 5-இன் முதல் வருடத்துக்குப் பொருந்தும். எல்லா வருடத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அந்தப் பெட்டியில் ஓடும் கேமை வேறு யார் செய்தாலும், பெட்டிக்காரருக்குக் கப்பம் கட்டியே ஆகவேண்டும். டிஸ்க்காக வந்தால் உரிமக் கட்டணம். அவர்களுடைய ஆன்லைன் கடையில் விற்றால் பொதுவாக 30 சதவீதம். 70 டாலர் கேம் ஒன்று விற்றால் 21 டாலர் பெட்டிக்காரருக்கு. கேமை எழுதவும் இல்லை, படம் வரையவும் இல்லை, கதவைத் திறந்துவிட்டதற்குக் கூலி அது. ஒரு பெட்டியில் 100 டாலர் நட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேம் வாங்கினால் அடைந்துவிடும். ஆறாவது கேமிலிருந்து வருவதெல்லாம் வரவு. பெட்டி வீட்டில் ஆறேழு வருடம் இருக்கும். இலவசமாக இறக்கும் கேமில் பையன்கள் உடுப்பும் துப்பாக்கியும் வாங்குகிறார்களே, அதிலும் பங்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் விளையாட மாதச் சந்தா. வீட்டு இன்டர்நெட் கட்டணத்தை நாம் தனியாகக் கட்டுகிறோம், சந்தா அதற்கு மேல். அப்புறம் கண்ட்ரோலர். பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலர் இங்கே 5,990 ரூபாய்க்கு அறிமுகமானது. தம்பி தங்கை உள்ள வீட்டில் ஒன்று போதாது.

2007-இல் 23,230 கோடி யென் நட்டம் காட்டிய அதே பிரிவு, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 41,000 கோடி யென்னுக்கு மேல் செயல்பாட்டு லாபம் காட்டியது. 30 வருடம் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

எக்ஸ்பாக்ஸ் என்ற பெட்டி செய்யும் மைக்ரோசாப்டின் கதை இன்னும் வெளிப்படையானது. 2021 மே மாதம் அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் என்ற கேம் கம்பெனி, ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் மைக்ரோசாப்டின் துணைத்தலைவர் லோரி ரைட் சாட்சி சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்றதில் எப்போதாவது லாபம் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தது 2001-இல். இருபது வருடக் கணக்கு அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. 2022-இல் எக்ஸ்பாக்ஸ் தலைவர் பில் ஸ்பென்சர் ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் கையிலிருந்து போடுவதாகச் சொன்னார். கேம் கடையிலும் துணைப் பொருள்களிலும் அதைத் திரும்ப எடுப்பதுதான் திட்டம் என்றும் சேர்த்துச் சொன்னார். 200 டாலர் என்றால் மேலே போட்ட கணக்கில் பத்து கேம்.

இதில் பெட்டி பழுதானால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே அனுபவித்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போகும் கோளாறு பரவலாக வந்தது. 2007 ஜூலையில் உத்தரவாதத்தை 3 வருடமாக நீட்டினார்கள். அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கு மேல்.

பெட்டி செய்யும் இன்னொரு ஜப்பான் கம்பெனியான நிண்டெண்டோ வேறு ரகம். உங்கள் டீலர் இந்தக் கம்பெனியை அதே சாக்கில் போட்டதுதான் பெரிய தவறு. அங்கே குன்பெய் யோகோய் என்று ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். பழகிப் பழசாகி விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புது மாதிரி பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989-இல் வந்த கேம் பாயில் கலர் திரை கிடையாது. சாதாரண பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, விற்றுத் தள்ளியது. 2006-இல் சோனி 599 டாலர் பெட்டியில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த அதே மாதம், நிண்டெண்டோ 'வீ' என்ற பெட்டியை 250 டாலருக்கு இறக்கி, முதல் நாளிலிருந்தே லாபம் பார்த்தது. அது 10 கோடிக்கு மேல் விற்றது. 2017-இல் வந்த ஸ்விட்சும் நட்டத்தில் விற்கப்படவில்லை.

அவர்களும் ஒருமுறை வழுக்கினார்கள். 2011-இல் 3டி.எஸ். என்ற கைப்பெட்டி 250 டாலருக்குப் போகவில்லை. ஐந்தே மாதத்தில் 170 டாலராகக் குறைத்தார்கள், அடக்கத்துக்குக் கீழே. அந்த நிதியாண்டில் கம்பெனியே 4,320 கோடி யென் நட்டம் காட்டியது. தலைவர் சதோரு இவாத்தா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். ஒரு முதலாளி சரக்கைத் தவறாக விலை போட்டுவிட்டு, வேலைக்காரன் மேல் கை வைக்காமல் தன் பையில் கை வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் ஊர் வீதிகளில் இதற்கு நேர்மாறாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்களும் நட்டத்துக்குக் கொடுத்து ஆளைப் பிடிக்கலாமா?

கூடாது தம்பி. ஏன் என்று சொல்ல ஒரு தண்ணீர் மெஷின் கதை.

வில்லாபுரத்தில் எனக்கு வேண்டிய ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் விற்பனை ஆரம்பித்தார். ஒரு மெஷினுக்கு 500 ரூபாய் அடக்கத்துக்குக் கீழே கொடுத்தார். வருடா வருடம் ஃபில்டர் மாற்றவும் சர்வீஸுக்கும் தன்னிடம்தானே வரவேண்டும் என்பது கணக்கு. மெஷின் நன்றாகவே விற்றது, 90 வீடுகளில் மாட்டினார். எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கப் போனேன். கடையின் பின் அறையில் பெட்டி பிரிக்காத ஃபில்டரும் மெம்பரேனும் இடுப்பு உயரம் அடுக்கிக் கிடந்தன. மேலே தூசி. தெருவில் சைக்கிளில் வரும் ஆள் அதே அளவு ஃபில்டரைப் பாதி விலைக்கு மாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். 90 மெஷினுக்கு 45,000 ரூபாய் நட்டம் மட்டுமல்ல, சர்வீஸுக்கு என்று வைத்த இரண்டு பையன்களின் சம்பளமும் சேர்ந்து அவரை அமுக்கிவிட்டது.

அவர் பரோட்டாவை இலவசமாகப் போட்டார். சுக்கா பக்கத்துக் கடையில் விற்றது.

பெட்டிக் கம்பெனிகள் இந்தப் பயத்தில்தான் பூட்டுப் போடுகின்றன. எண்பதுகளிலேயே நிண்டெண்டோ தன் பெட்டிக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கேம் கேசட்டுக்குள்ளும் ஒரு சிப் வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் கேம் ஓடும். அனுமதி இல்லாமல் யாரும் கேசட் அடித்து விற்கக்கூடாது என்பதற்கு. பூட்டு உடைந்தால் நட்டத்தை மீட்க வழி கிடையாது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் நம் பக்கமும் பூட்டை ஏமாற்றும் சிப் போட்ட பெட்டிகள் புழங்கின. கேம் பெயர் மார்க்கரில் எழுதிய டிஸ்க், ஜிப் வைத்த பவுச்சில் வரும். அந்த டிஸ்க்குகளில் ஒன்றிலிருந்துகூட ஜப்பானுக்குப் பைசா போகவில்லை.

சேகா கம்பெனி இதில் அடிபட்டே போய்விட்டது. அதன் டிரீம்காஸ்ட் என்ற பெட்டி 1999-இல் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. நல்ல பெட்டி, நல்ல கேம்கள். ஆனால் சாதாரண சி.டி.யில் நகல் எடுத்து, எந்தச் சிப்பும் போடாமல் ஓட்டும் வழியை ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். டி.வி.டி. படமும் ஓடும் பிளேஸ்டேஷன் 2 வேறு எதிரே வந்து நின்றது. 2001 ஜனவரி 31 அன்று பெட்டி தயாரிப்பை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா கிட்டத்தட்ட 70 கோடி டாலர் மதிப்புள்ள தன் சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே எழுதிவைத்தார். சில வாரங்களில் காலமானார். அதன்பிறகு சேகா இந்தப் பெட்டிப் போட்டிக்குத் திரும்பவே இல்லை. மற்றவர்களின் பெட்டிக்குக் கேம் செய்து பிழைக்கிறது.

பெட்டியை மட்டும் வாங்கி, கேமே வாங்காத வாடிக்கையாளர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வாங்கி, ஒன்றாக இணைத்து, 2010 கடைசியில் நியூயார்க் மாநிலத்து ரோம் நகரில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டராக ஓட்டியது. அந்த அளவு கணக்குப் போடும் சக்தி வேறு எங்கும் அந்த விலைக்குக் கிடைக்காது என்பதுதான் காரணம். சோனி கேம் விற்று மீட்கலாம் என்று குறைத்துப் போட்ட விலை, கேமே ஆடாதவர்களுக்கு ஆதாயமாகப் போனது. பெட்டியைக் கம்ப்யூட்டராக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளும் வசதியை, பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, சோனி 2010 ஏப்ரலில் எடுத்துவிட்டது.

இப்போது உங்கள் கடைக்குள் வருவோம். நீங்கள் 2,000 ரூபாய் குறைத்து ஒரு பெட்டியைக் கொடுத்தால், அந்தப் பையன் அடுத்த ஏழு வருடம் வாங்கும் கேமில் 30 சதவீதம் உங்களுக்கு வராது. சந்தா உங்களுக்கு வராது. நட்டம் உங்களுடையது, மீட்பு சோனியுடையது. பூட்டின் சாவி உங்கள் கையில் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று, கவனமாகப் படியுங்கள். பெட்டி இரண்டு வகையில் வருகிறது, டிஸ்க் போடும் வாய் உள்ளது ஒன்று, வாய் இல்லாத டிஜிட்டல் எடிஷன் இன்னொன்று. 2020-இல் இரண்டுக்கும் விலை வித்தியாசம் 100 டாலர். ஒரு டிஸ்க் டிரைவின் அடக்கம் 100 டாலர் வராது. பிறகு ஏன் அவ்வளவு குறைத்தார்கள்? டிஜிட்டல் பெட்டி வாங்கியவர், பிற்பாடு வந்த மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினால் தவிர, எல்லாக் கேமையும் அவர்கள் ஆன்லைன் கடையில்தான் வாங்கவேண்டும். கடைக்காரருக்குப் பங்கு இல்லை, பழைய டிஸ்க் வாங்கவும் விற்கவும் வழி இல்லை. அந்தப் பெட்டியை நீங்கள் பில் போட்டுக் கொடுத்த நிமிடமே அந்த வாடிக்கையாளர் உங்கள் கடைப்படி இறங்கிவிட்டார். கண்ட்ரோலர் கெட்டால் வருவார், அவ்வளவுதான். டிஸ்க் பெட்டி வாங்கியவர் மாதம் ஒருமுறை வருவார்.

பழைய டிஸ்க் வியாபாரம் பெட்டிக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்று. 2013-இல் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, பழைய கேமைக் கை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. ஜனங்கள் கொதித்தார்கள். சோனி உடனே சின்னதாக ஒரு வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க்கை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார், கேமைப் பகிர்ந்துகொள்ளும் முறை இதுதான், முடிந்தது. மைக்ரோசாப்ட் அந்த ஜூன் மாதமே பின்வாங்கியது. அந்தக் கைமாற்றில்தான், தம்பி, உங்கள் சுக்கா இருக்கிறது. ஒரு டிஸ்க் இரண்டாவது, மூன்றாவது முறை விற்கும்போது கம்பெனிக்கு ஒன்றும் போகாது. முழு மார்ஜினும் இடையில் நிற்கும் கடைக்காரருக்கு.

உங்கள் எண்களை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். பெட்டி 55,000-க்கு விற்கிறது, உங்களுக்கு 1,500. வாங்குபவர் கார்டு தேய்த்தால் ஒன்றரை சதவீதம் என்று வைத்தாலும் 825 போய்விடும். சரக்கு ஒரு மாதம் அலமாரியில் இருந்தால், ஓ.டி. வட்டி 12 சதவீதக் கணக்கில் 535 ரூபாய். இரண்டும் போக உங்கள் கையில் 140 ரூபாய். இரண்டாவது மாதமும் இருந்தால் முதலுக்கே மோசம். 6 லட்சத்துக்கு 11 பெட்டி வரும். இடையில் கம்பெனி பண்டிகைத் தள்ளுபடி என்று 5,000 ரூபாய் குறைத்துவிட்டால் 55,000 ரூபாய் காற்றில் போகும். ஒரு முழுப் பெட்டி விலை அது.

இன்னொரு பக்கம், நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க் ஒன்றை 1,200-க்கு வாங்கி 1,700-க்குக் கொடுத்தால் 500 வித்தியாசம். ஜி.எஸ்.டி.யில் பழைய பொருள் வியாபாரத்துக்கு விதி 32(5) என்று ஒன்று இருக்கிறது. கொள்முதலில் வரி வரவு எடுக்காமல், பொருளின் தன்மையை மாற்றாமல் விற்றால், அந்த 500 ரூபாய் வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும், முழு 1,700-க்கும் இல்லை. வரி போக 400 ரூபாய் அளவில் நிற்கும். முடங்கும் முதலோ 1,200-தான். ஆனால் வாங்கும்போது விற்பவரின் பெயர், முகவரி, கையெழுத்து ஒரு நோட்டில் இருக்கவேண்டும். திருட்டுப் பொருள் வந்து மாட்டிக்கொண்டால் அந்த நோட்டுதான் உங்களைக் காக்கும். டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள், கடையில் ஒரு பெட்டி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

நான் சொல்வது இது. ஓ.டி.யைத் தொடவே வேண்டாம். உங்கள் சொந்த 3 லட்சத்தில் டிஸ்க் வாய் உள்ள பெட்டி இரண்டு மட்டும் இருப்பு வையுங்கள். டிஜிட்டல் பெட்டி கேட்பவருக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கண்ட்ரோலர், ஹெட்செட், சார்ஜிங் ஸ்டாண்டு, பழைய டிஸ்க் என்று பிரியுங்கள். கண்ட்ரோலரின் குச்சி தானாக நகர்வது பரவலான கோளாறு. உங்கள் கடையில் மொபைல் சர்வீஸ் செய்யும் பையன் அந்த வேலையை ஒரு வாரத்தில் பிடித்துவிடுவான். அது முழுக்க உங்கள் கூலி, யாருக்கும் பங்கு இல்லை.

டீலரிடம் பெட்டிக்கு மார்ஜின் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள், அதில் அவருக்கும் அதிகம் இல்லை. மூன்று விஷயம் கேளுங்கள். 15 நாள் கடன். கம்பெனி விலை குறைத்தால் இருப்புச் சரக்குக்கு அந்த வித்தியாசத்தைத் திரும்பத் தரும் பிரைஸ் டிராப் கிளைம், எழுத்தில். கண்ட்ரோலரிலும் துணைப் பொருளிலும் கூடுதல் 2 சதவீதம். பில் இல்லாத சரக்கைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று வேறு யாராவது வந்தால் வேண்டாம். வாரண்டி வராமல் வாடிக்கையாளர் உங்கள் கடை வாசலில் வந்துதான் நிற்பார்.

விலை இனி இறங்கும், காத்திருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். முன்பெல்லாம் பெட்டி பழசாகப் பழசாக விலை குறையும். இப்போது சிப்பின் அடக்கம் அப்படி இறங்குவதில்லை. 2025-இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5-இன் விலை 499-இலிருந்து 549 டாலரானது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-இலிருந்து முதலில் 599, அப்புறம் 649. நட்டத்தைத் தாங்கும் மனசு கம்பெனிகளுக்கே குறைந்து வருகிறது. புதுப் பெட்டி விலை ஏறும்போது பழைய பெட்டிக்கும் கிராக்கி கூடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் மகனைச் சனி ஞாயிறு ஒரு மணி நேரம் கடையில் உட்காரச் சொல்லுங்கள். எந்த டிஸ்க்குக்கு வருடம் கழிந்தும் விலை நிற்கும், எது மூன்று மாதத்தில் விழும் என்பது உங்களையும் என்னையும் விட அவனுக்குத் தெரியும். வாங்கும் விலையை அவனைக் கேட்டுப் போடுங்கள். மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு, பெட்டிக்கு ஒரு பக்கம், டிஸ்க்குக்கு ஒரு பக்கம், கண்ட்ரோலருக்கும் சர்வீஸுக்கும் ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதிய நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.